எட்டு முனைகளும் கூராக வரவேண்டும் என்றால்

துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் விரிப்பான ஒட்டுத்துணிக் குவில்ட்டின் பழைய வடிவங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒஹாயோ ஸ்டார். மொத்தம் ஒன்பது கட்டங்கள். நடுவில் ஒரு சதுரம், மூலைகளில் நான்கு சதுரங்கள், பக்கத்துக்கு ஒன்றாக முக்கோணங்கள் சேர்ந்த நான்கு கட்டங்கள். இவற்றை இணைத்ததும் எட்டு முனையுள்ள நட்சத்திரம் எழுந்து நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்கக் குவில்ட்டுகளிலேயே காணப்படும் வடிவம் இது; வேரியபிள் ஸ்டார் என்ற பெயரிலும் வழங்குகிறது. பார்க்க எளிமையாகத் தெரிவதால், புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலர் இதைத்தான் கையில் எடுக்கிறார்கள். எடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் முனைகள் மழுங்காமல் வரவேண்டும் என்றால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அவற்றில் பெரும்பாலானவை மிஷினில் உட்காருவதற்கு முன்பே முடிந்துபோகிறவை.

என் அண்ணி உடைகள் தைப்பதில் கைதேர்ந்தவர். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவர் துணியை வெட்டுவதைப் பார்த்தால் கத்தரிக்குக் கண் இருக்கிறதோ என்று தோன்றும். அவர் என்னோடு சேர்ந்து இந்த பிளாக்கை, அதாவது குவில்ட்டில் திரும்பத் திரும்ப வரும் ஒன்பது கட்டச் சதுரத்தை, தைக்க உட்கார்ந்தபோது, நான் வார்த்தைக்கு வார்த்தை கால் அங்குலம், கால் அங்குலம் என்று சொல்வதைக் கேட்டுவிட்டு, “இரண்டு நூல் தள்ளிப் போனால் என்ன ஆகிவிடும்? கடைசியில் பார்த்துப் பிடித்துக்கொள்ளலாமே” என்றார்.

“பிடிப்பதற்கும் பிரித்துவிடுவதற்கும் இதில் துணியே இல்லை அண்ணி. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்” என்றேன்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. உடையில் உள்ளே தாராளமாகத் துணி விட்டுவைப்போம். இறுகினால் பிரித்துவிடலாம், தளர்ந்தால் பிடிக்கலாம். குவில்ட்டில் தையலுக்கு விடுவது எல்லாப் பக்கமும் கால் அங்குலம் மட்டுமே. நான் சொன்ன கணக்கு இதுதான். குவில்ட்டில் மற்றவற்றோடு இணைத்த பிறகு முடிந்த அளவு 9 அங்குலமாக வரவேண்டிய பிளாக், தைத்து முடித்த கையோடு, ஓரத் தையலுக்கான துணியையும் சேர்த்து 9½ அங்குலம் இருக்க வேண்டும். ஒரு வரிசையில் மூன்று துண்டுகள், நடுவே இரண்டு தையல்கள். தையல் ஒவ்வொன்றும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு மட்டும் உள்ளே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தையல் இரண்டு துண்டுகளிலிருந்தும் அந்த அளவைத் தின்னும். இரண்டு தையலுக்குச் சேர்த்துக் கால் அங்குலம் போய்விடும். பிளாக் 9¼தான் வரும். அப்படிப்பட்ட எட்டு பிளாக்குகளை ஒரு வரிசையாக இணைத்தால், ஓரத் தையல் போக ஒவ்வொன்றும் 8¾ ஆகி, 72 அங்குலம் வரவேண்டிய இடத்தில் 70தான் நிற்கும். எல்லா பிளாக்கும் ஒரே அளவில் குறைந்தால்கூடச் சமாளிக்கலாம். ஒன்று 9¼, இன்னொன்று 9½ என்று வந்தால்தான் தலைவலி. அண்ணி தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் அளவு விஷயத்தில் என்னைவிடக் கறாராகிவிட்டார்.

துணியிலிருந்து தொடங்குகிறேன். நெருக்கமாக நெய்த நடுத்தரக் கனமுள்ள பருத்தித் துணிதான் இந்த வேலைக்கு ஏற்றது. இஸ்திரி போட்டால் மடிப்பு நிற்க வேண்டும்; விரலால் இழுத்தால் நழுவக் கூடாது. ஒரே பிளாக்கில் மெல்லிய துணியையும் தடித்த துணியையும் கலந்தால் மெல்லியது சுருங்கி இழுக்கும். துவைத்து வெட்டுவதா, துவைக்காமல் வெட்டுவதா என்பதில் தைப்பவர்களுக்குள் ஓயாத விவாதம் உண்டு. நான் துவைத்துவிடுகிற கட்சி, முக்கியமாக அடர்சிவப்பும் நீலமும் இருந்தால். ஈரமான வெள்ளைத் துணியை அதன் மேல் அழுத்திப் பார்த்தாலே சாயம் விடுகிறதா என்று தெரிந்துவிடும். எப்படியானாலும் எல்லாத் துணியையும் துவைக்க வேண்டும், அல்லது எதையுமே துவைக்கக் கூடாது. துவைத்த துணி தொளதொளவென்று ஆகிவிடுவதால் லேசாகக் கஞ்சி போட்டு, விறைப்பாக இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்ட எடுப்பேன்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நட்சத்திரம் பளிச்சென்று தெரிவது சிவப்பா பச்சையா என்பதைப் பொறுத்ததன்று. வெளிர், அடர் வேறுபாட்டைப் பொறுத்தது. சிவப்பும் பச்சையும் ஒன்றுக்கொன்று எதிரான நிறங்களாகத் தோன்றினாலும், இரண்டும் ஒரே அளவு அடர்த்தியாக இருந்தால் நான்கடி தள்ளி நின்று பார்க்கும்போது கலங்கிப்போய் வடிவமே தெரியாது. துணிகளை அருகருகே வைத்துக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பாருங்கள். படத்தில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் ஒன்றை மாற்றுங்கள். பெரிய பூக்கள் போட்ட துணியை முக்கோணங்களுக்குப் பயன்படுத்தவே மாட்டேன். பூவின் வெளிர்ப் பகுதி முனையில் விழுந்தால் அந்த முனையே காணாமல் போய்விடும். அத்தகைய துணிக்கு நடுச் சதுரம்தான் இடம்.

இனி வெட்டுவது. 9 அங்குல பிளாக்கில் ஒவ்வொரு கட்டமும் முடிந்த அளவில் 3 அங்குலம். எனவே மூலைகளுக்கு வெளிர் துணியில் 3½ அங்குலச் சதுரங்கள் நான்கு, நடுவுக்கு 3½ அங்குலச் சதுரம் ஒன்று. முக்கோணக் கட்டங்களுக்கு வெளிர் துணியில் இரண்டு சதுரங்கள், நட்சத்திரத் துணியில் இரண்டு சதுரங்கள். இவற்றின் அளவு 4¼ அங்குலம் என்பது வழக்கமான கணக்கு: முடிந்த அளவோடு ஒன்றேகால் அங்குலம் கூட்ட வேண்டும். நான் கால் அங்குலம் அதிகமாக, 4½ என்றே வெட்டுகிறேன். தைத்த பிறகு 3½க்குச் சீர்செய்து வெட்டிவிடலாம். கொஞ்சம் துணி வீணாகும்தான். ஆனால் இம்மி பிசகாத கட்டம் கிடைக்கும் என்பதால் எனக்கு அதில் வருத்தமில்லை.

இங்கே பாவு (துணியின் நீள நூல்), ஊடை (குறுக்கு நூல்) பற்றித் தெரிந்திருக்க வேண்டும். பாவு நூலின் திசையில் துணி அநேகமாக நீளவே நீளாது. ஊடை திசையில் சற்று நீளும். கிராஸாக, அதாவது மூலைவிட்டமாக இழுத்தால் ரப்பர்போல் நீளும். ஒரு சதுரத்தை இரண்டு மூலைவிட்டங்களிலும் வெட்டி நான்கு முக்கோணமாக்கினால், ஒவ்வொன்றின் நீண்ட பக்கமும் நேர் நூலில் அமைகிறது. குட்டைப் பக்கங்கள் இரண்டும் கிராஸில் வருகின்றன. இந்த நட்சத்திரத்தில் முக்கோணத்தின் நீண்ட பக்கம்தான் கட்டத்தின் வெளிவிளிம்பாக நிற்கிறது. விளிம்பு நேர் நூலில் இருப்பதால் கட்டம் இழுபடாது. இதே அளவுள்ள முக்கோணத்தைச் சின்னச் சதுரத்தை ஒரே ஒரு மூலைவிட்டத்தில் வெட்டியும் எடுத்துவிடலாம்; ஆனால் அப்போது நீண்ட பக்கம் கிராஸில் அமைந்து, கட்டத்தின் ஓரம் அலையடிக்கும். எதற்காக நான்காக வெட்டச் சொல்கிறார்கள் என்பதன் காரணம் இதுவே. காரணம் தெரிந்துவிட்டால் அளவு தானாக மனதில் நிற்கும்.

பழைய காலத்தில் இந்த வெட்டும் வேலை வேறு மாதிரி இருந்தது. அட்டையிலோ தகரத்திலோ வடிவத்தை வெட்டி, துணியின் பின்புறம் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டுவார்கள். அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டி ஸ்டார் நாளிதழ் 1928 முதல் 1961 வரை குவில்ட் வடிவங்களை வெளியிட்டு வந்தது. வாசகர்கள் அவற்றைக் கத்தரித்துச் சேர்த்துவைத்து, அட்டைக்கு மாற்றித் தைத்தார்கள். ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் ரோட்டரி கட்டரை, அதாவது உருட்டி வெட்டும் வட்டக் கத்தியை, அறிமுகப்படுத்திய பிறகு வெட்டும் முறையே மாறிப்போனது. ஸ்கேலை அழுத்திப் பிடித்துக் கட்டரை ஒருமுறை உருட்டினால் பல அடுக்குத் துணி நூல் பிடித்தாற்போல் வெட்டுப்படுகிறது. ஆனால் நான் ஒரே நேரத்தில் இரண்டு அடுக்குக்கு மேல் வைப்பதில்லை. அடுக்கு கூடக் கூட ஸ்கேல் நழுவும் வாய்ப்பும் கூடுகிறது. கத்தியை எப்போதும் உடம்பை விட்டு வெளிப்பக்கமாகத்தான் தள்ள வேண்டும். கையை விட்டதும் மூடிவிட வேண்டும். இதில் சமரசமே கூடாது, அது விரலை எலும்புவரை வெட்டக்கூடிய கத்தி.

மிஷினில் உட்கார்ந்ததும் முதலில் கால் அங்குலத்தைச் சோதியுங்கள். 1½ அங்குல அகலத்தில் மூன்று துண்டுப் பட்டைகளை வெட்டி, பக்கம் பக்கமாக இணைத்து, இஸ்திரி போட்டு அளக்க வேண்டும். நடுப்பட்டை சரியாக 1 அங்குலமும் மொத்த அகலம் 3½ அங்குலமும் இருந்தால் உங்கள் தையல் சரி. ஸ்கேலில் கால் அங்குலம் பார்த்துத் தைத்தாலும் பெரும்பாலும் நடுப்பட்டை ஒரு நூலிழை குறைவாகவே வரும். துணி தையலின் மேல் மடங்கித் திரும்பும்போது அந்த மடிப்பே கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் கால் அங்குலத்துக்கு ஒரு நூலிழை உள்ளடங்கித் தைக்கிறோம். ஊசியின் வலப்புறம் சரியான இடம் கண்டதும் தட்டின் மேல் கெட்டியான டேப்பை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டிவிடுங்கள். துணியின் ஓரம் அதில் உரசிக்கொண்டே போகும். கண்ணுக்கு வேலை குறையும். தையல் நீளம் 2 முதல் 2½ மில்லிமீட்டர் வரை போதும். ஊசி 80/12 அல்லது 70/10, நூல் மெல்லிய பருத்தி. தடித்த நூலும் அளவைத் தின்னும்.

முக்கோணக் கட்டங்களுக்கு முக்கோணமாக வெட்டாமலே தைக்கும் முறை ஒன்று உண்டு, நான் அதைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன். வெளிர் சதுரத்தின் பின்புறம் மூலைக்கு மூலை பென்சில் கோடு. அதை நட்சத்திரச் சதுரத்தோடு முகத்துக்கு முகம் வைத்து, கோட்டின் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, பிறகு கோட்டின் மேல் வெட்டினால் பாதி வெளிர், பாதி அடர் என இரண்டு சதுரங்கள் கிடைக்கும். தையலை அடர் துணிப் பக்கம் சாய்த்து இஸ்திரி போடுங்கள். இப்போது அந்த இரண்டையும் மறுபடி முகத்துக்கு முகம் வையுங்கள், வெளிர் மேல் அடர் வருமாறு. இரண்டு தையல்களும் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்திருப்பதால் ஒன்றோடொன்று பொருந்தி உட்காரும். முதல் தையலுக்குக் குறுக்கே கோடு போட்டு, முன்போலவே இருபுறமும் தைத்து வெட்டினால் நான்கு முக்கோணங்கள் கொண்ட கட்டங்கள் இரண்டு. கிராஸ் விளிம்பு வெட்டுப்படும் நேரத்தில் ஏற்கெனவே தையல் அதைப் பிடித்து வைத்திருக்கிறது; இழுபட வழியே இல்லை.

சீர்செய்து வெட்டும்போது ஸ்கேலின் 45 பாகைக் கோடு ஒரு தையலின் மேல் படிய வேண்டும். 1¾ அங்குலக் கோடுகள் இரண்டும் சந்திக்கும் புள்ளி, நான்கு முக்கோணங்களும் கூடும் நடுப்புள்ளியில் இருக்க வேண்டும். இரு பக்கம் வெட்டி, கட்டத்தைத் திருப்பி, மறுபடி அதே புள்ளியில் வைத்து மற்ற இரு பக்கங்களையும் வெட்டுங்கள். இந்த இடத்தில் நிதானமாக இருந்தால் பிறகு எல்லாமே எளிது. அண்ணிக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். ஒவ்வொன்றும் வெட்டி முடிந்ததும் அதன் நான்கு மூலைகளையும் உற்றுப் பார்ப்பார். தையல் கோடு சரியாக மூலைக்குப் போய் முடிகிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பார்.

இஸ்திரி போடுவதில் துணி தைத்தே பழகியவர்களுக்கு ஒரு பழக்கம் மாற வேண்டியிருக்கிறது. சட்டைக்கு இஸ்திரியைத் தேய்த்துக்கொண்டே போவோம். இங்கே தூக்கி வைக்க வேண்டும், மறுபடி தூக்க வேண்டும். தேய்த்தால் கிராஸ் பக்கம் நீண்டு சதுரம் சாய்சதுரமாகிவிடும். முதலில் தைத்தபடியே மூடிய நிலையில் தையலின் மேல் ஒரு அழுத்து. நூல் துணிக்குள் படிந்துவிடும். பிறகு திறந்து, முகப்பிலிருந்து இன்னொரு அழுத்து. திறந்த துணியில் தையலோரம் மடிப்பு மிஞ்சிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; அங்கே ஒளிந்திருக்கும் மடிப்பும் அளவைக் குறைக்கும். நான் நீராவியைக் கடைசிவரை தொடுவதில்லை.

ஒன்பது துண்டுகளும் தயாரானதும் மேசையில் அடுக்கி, நட்சத்திரம் சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். முக்கோணக் கட்டங்களில் நட்சத்திர நிறம் இடமும் வலமும் இருக்க வேண்டுமா, மேலும் கீழும் இருக்க வேண்டுமா என்பது அந்தக் கட்டம் எந்தப் பக்கம் உட்காருகிறது என்பதைப் பொறுத்தது. மேல் கட்டத்திலும் கீழ்க் கட்டத்திலும் இடம் வலமாக. பக்கக் கட்டங்களில் மேல் கீழாக. ஒன்று திரும்பிப்போனாலும் நட்சத்திரம் உடைந்துவிடும். அடுக்கியதைப் படம் எடுத்து மிஷின் அருகில் வைத்துக்கொள்வது நல்லது.

வரிசை வரிசையாக இணைக்கும்போது, முதல் வரிசையிலும் மூன்றாம் வரிசையிலும் தையல்களை மூலைச் சதுரங்களின் பக்கம் சாயுங்கள். நடு வரிசையில் நடுச் சதுரத்தின் பக்கம் சாயுங்கள். வெற்றுச் சதுரத்தில் மடிப்பு குறைவு என்பதால் தையல் அங்கே சுலபமாகப் படுக்கும். வரிசைகளை ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போது தையல்கள் எதிரெதிர்ப் பக்கம் இருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அந்த இடத்தைப் பிடித்து லேசாக நகர்த்துங்கள். இரண்டு மேடுகளும் ஒன்றையொன்று முட்டி, சட்டென்று நின்றுவிடும். அதற்கு மேல் நகராது. அந்த இடத்தில் தையலுக்கு இருபுறமும் ஒவ்வொரு குண்டூசி. துணியை லேசாகப் பிரித்து முகப்பைப் பார்த்தால் நான்கு மூலைகளும் ஒரே புள்ளியில் கூடியிருக்கும்.

முனைகளின் விதி தீர்மானமாவது அடுத்த சில தையல்களில்தான். முக்கோணக் கட்டத்தின் பின்புறம் மேலே தெரியும்படி வைத்துத் தையுங்கள். மூலைவிட்டத் தையலும் பக்கத் தையலும் சந்திக்கும் இடத்தில் நூல்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொள்வது தெரியும். துணி ஓரத்திலிருந்து சரியாகக் கால் அங்குலத்தில் இருக்க வேண்டிய புள்ளி அது. ஊசி அந்தப் புள்ளியின் மேல், அல்லது அதிலிருந்து ஒரே ஒரு நூலிழை ஓரப்பக்கமாக இறங்க வேண்டும். உட்பக்கமாக இறங்கினால் முனை வெட்டுப்பட்டது என்று பொருள். அந்த இடம் நெருங்கியதும் நான் மிதிப்பதை நிறுத்திவிட்டு, கைச்சக்கரத்தைச் சுற்றி ஊசியை இறக்குகிறேன். குண்டூசியைக் கடைசி நொடியில் உருவுங்கள். அதன் மேல் தைக்காதீர்கள், ஊசி முறியும்.

இரண்டு வரிசைகளில் ஒன்று மயிரிழை நீளமாக இருந்தால் அதைக் கீழ்ப்பக்கம் வையுங்கள். மிஷினில் துணியை நகர்த்தும் பல் கீழ்த்துணியைச் சற்று அதிகமாக இழுத்துக்கொள்ளும். நீளம் தானாக அடங்கிவிடும். கடைசி நீளத் தையல்கள் இரண்டையும் நான் ஒரு பக்கம் சாய்ப்பதில்லை, பிரித்து இருபுறமும் படுக்க வைக்கிறேன். முனைகள் கூடும் இடத்தில் பல அடுக்குத் துணி சேர்ந்துவிடுவதால் ஒரே பக்கம் தள்ளினால் முடிச்சுபோல் துருத்தும்.

கையால் தைக்க விரும்புகிறவர்களுக்கும் இந்த வடிவம் அருமையாகப் பொருந்தும். அப்போது தையல் கோட்டையே பென்சிலால் வரைந்து, கோட்டின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை மட்டும் ஓட்டுத் தையல் போட வேண்டும். ஓரத்துத் துணியைத் தைக்கக் கூடாது. சில தையலுக்கு ஒருமுறை ஒரு பின்தையல். ஓரங்கள் கட்டுப்படாமல் இருப்பதால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்க்கலாம், முனை கூடும் இடம் தட்டையாகப் படுக்கும். நேரம் பிடிக்கும் என்பது உண்மை. மிஷினில் கைவராத ஒரு மென்மை இதில் இருப்பதாக நான் நினைக்கிறேன், பயணங்களில் கூடவே எடுத்துச் செல்லவும் முடிகிறது.

முடிந்த பிளாக்கை அளந்து 9½ வந்தால் நிறைவுதான். குறைந்தால் ஓரத்தை இழுத்து நீட்டாதீர்கள். எந்தத் தையல் தடித்துப்போனது என்று பின்புறம் திருப்பி அளந்து, அந்த ஒன்றை மட்டும் பிரித்துத் திரும்பத் தையுங்கள். கூடினால் ஓரத்தை வெட்டித் தள்ளும் ஆசை வரும். வெளிமுனைகள் நிற்பது விளிம்பிலிருந்து கால் அங்குலத்தில். அதற்குள் கத்தி போனால், பக்கத்து பிளாக்கோடு இணைக்கும் தையல் முனையை விழுங்கிவிடும். வெட்டத்தான் வேண்டும் என்றால் நடுச் சதுரத்தின் மையத்திலிருந்து நாலேமுக்கால் அங்குலம் எல்லாப் பக்கமும் அளந்த பிறகு வெட்டுங்கள்.

நட்சத்திரத்தை ஒட்டி நட்சத்திரம் வைத்தால் பக்கத்து பிளாக்கின் முனைகளும் ஒரே புள்ளியில் கூட வேண்டியிருக்கும். முதல் குவில்ட்டுக்கு அது தேவையில்லாத பளு. ஒரு நட்சத்திரம், அடுத்து 9½ அங்குல வெற்றுச் சதுரம், மறுபடி நட்சத்திரம் என்று மாற்றி மாற்றி வைத்தால் முனைக்கு முனை பொருத்த வேண்டிய தேவையே இல்லை. தைக்க வேண்டிய நட்சத்திரங்களும் பாதியாகக் குறைகின்றன. அண்ணி தன் குவில்ட்டை இப்படித்தான் அடுக்கினார். வெற்றுச் சதுரங்கள் எல்லாவற்றுக்கும் அவர் எடுத்தது நட்சத்திரங்களின் பின்னணியில் உள்ள அதே வெளிர் துணி. அதனால் பிளாக்குகளின் எல்லை எங்கே முடிகிறது என்பதே தெரியாமல், நட்சத்திரங்கள் ஒரே விரிப்பில் மிதப்பதுபோல் அமைந்துவிட்டன. அந்தத் துணியை மட்டும் முதலிலேயே தேவைக்குச் சற்றுக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.